சொதிக்கும் சட்டமாம்!

சொதிக்கு எங்கையாவது சட்டம் இருக்கோ பிள்ளை? நீயே சொல்லு. கொழும்பிலை படிச்சனீ, எக்கவுண்டன்ற் எண்டு வேறை சொல்லுறாய், உனக்குத் தெரியாததே! பால் எவ்வளவு விடுறது, தேசிக்காய் எப்ப பிழியிறது எண்டு ஒரு மஜிஸ்திரேட் வந்து சொல்ல ஏலுமோ? சொன்னா பிள்ளை. எனக்குச் சொன்னா! இந்தக் கையாலை நாப்பது வருசமாச் சொதி வைக்கிறவளுக்கு, ஒரு வெள்ளைக்காரி, சொதியைக் கண்ணாலையும் காணாதவ, அதுக்குள்ளை என்ன போடலாம், என்ன போடக்கூடாது எண்டு சொன்னா!

இரு, இரு. அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடும். இதிலை இரு. அறை பாத்தாச்சுத்தானே? நல்ல காத்தோட்டம். பெண்டில் ஹில் ஸ்ரேசனுக்கு நடந்தே போகலாம். இந்தக் கிரவீனிலை இப்ப எங்கட ஆக்கள்தான், கதவைத் திறந்தால் தமிழ்தான் கேக்கும். ஆனா ஒண்டு, சாப்பாட்டோடைதான் குடுக்கிறன். வெறும் அறையை நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். இந்தக் குசினியிலை சமைச்சு, அதைத் தின்ன ஆளில்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்... சரி, அந்தச் சொல்லை இப்ப இந்த வீட்டிலை சொல்லக்கூடாதாம். அதுக்கும் சட்டமாம். விடு.

இடியப்பத்தைப் போட்டுச் சாப்பிடு, ஆறப்போகுது. தலையிடி எண்டெல்லே சொன்னனீ. குளிசை தாறன் எண்டன், "வேண்டாம் அன்ரி, எனக்கு வயித்துக்கு ஒத்துவராது" எண்டிட்டாய். சரி, உன்ரை விருப்பம். இந்தா இஞ்சித் தேத்தண்ணி. சுடச்சுடக் குடி. ஓம், இனிப்புத் தூக்கல்தான். தலையிடிக்கு இனிப்பு நல்லது. குடி, குடி, அடியிலை விடாதை.

அந்தச் சத்தமோ? அது முட்டை அவியுது. அந்தக் கதையைப் பேந்து சொல்லுறன்.

நீ பாத்த அறை என்ரை தம்பியின்ரை அறை. யோகேஸ்வரன். நாங்கள் யோகன் எண்டுதான் கூப்பிடுறது. சாகேல்லைப் பிள்ளை! ஏன் முகத்தை அப்பிடி வைக்கிறாய்? உயிரோடை, நல்ல சுகத்தோடை, பரமட்டாவிலை ஒரு வீட்டிலை வேறை ரெண்டு பேரோடை இருக்கிறான். சொந்த அக்கா இஞ்சை இருக்க, அவன் அங்கை! ஊர்ச்சனம் கேக்குது, "ஏன் நாகேஸ்வரி, தம்பியோடை ஏதும் பிரச்சினையோ?" எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? "பிரச்சினை எனக்கும் அவனுக்கும் இல்லை, சொதிக்கும் அரசாங்கத்துக்கும்" எண்டு சொல்லவோ?

எங்கட அம்மா அவன் கைக்குழந்தையா இருக்கேக்கை போனவ. நான்தான் தீத்தி வளத்தனான். ஒரு வாய் சோறு வாங்க அவன் படுத்திற பாடு! வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிப்பான். நான் வாழைப்பழத்துக்குள்ளை சோத்தை வைச்சுத் தீத்துவன், அவன் பழமெண்டு நினைச்சு விழுங்குவான். அப்பிடி வளத்த பிள்ளை. அவன்ரை வாய்க்குள்ளை என்ன போறதெண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்?

இஞ்சை வந்து நாலைஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் அவனுக்குச் சுகமில்லாமல் போனது. ரேடியோக்காரன் தன்ரை பேரைச் சொல்லி ஏசுறான் எண்டான். ரேடியோவைத் துணியாலை சுத்தி ஃபிரிட்ஜுக்குள்ளை வைச்சான். நாங்கள் முதலிலை கண்ணூறு எண்டு நினைச்சம், பேந்து வேலைக்களைப்பு எண்டு நினைச்சம், கடைசியிலை டொக்டரிட்டைக் கொண்டுபோனம். குளிசை குடுத்தினம். பொய் சொல்லக்கூடாது, கேட்டுது. ரேடியோ ஃபிரிட்ஜாலை வெளியிலை வந்தது. ஃபோக்லிஃப்ட் ஓடப் பழகி, லைசென்ஸ் எடுத்து, செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு வெயர்ஹவுசிலை வேலை. காலமை சாப்பாட்டுப் பெட்டியோடை போவான், பின்னேரம் விசிலடிச்சுக்கொண்டு வருவான். சொதி எண்டால் உயிர். கோப்பையைத் தூக்கிக் குடிப்பான் பிள்ளை! இவர், என்ரை மனுசன், பகிடி பண்ணுவார், "உன்ரை தம்பிக்கு ரத்தம் ஓடேல்லை, சொதிதான் ஓடுது" எண்டு.

அப்பிடி ஒழுங்கா இருந்த வீட்டிலைதான் அந்தச் சின்ன டொக்டர் கையை வைச்சது. ஒருநாள் அவர் கேக்கிறார்... என்னட்டை இல்லைப் பிள்ளை, பக்கத்திலை நான் குந்திக்கொண்டிருக்கிறன், என்னட்டை இல்லை, யோகனிட்டைக் கேக்கிறார்: "நீர் இப்ப நல்லா இருக்கிறீர், குளிசையைப் பாதியாக் குறைச்சுப் பாப்பமோ?" எண்டு. இவன் உடனை "ஓம்" எண்டிட்டான். கடைக்காரன் மரக்கறியை மலிவாத் தாறன் எண்டால் வேண்டாமெண்டு சொல்லுவமோ, அதுமாதிரி. என்னை ஒரு சொல் கேக்கேல்லை. நான் ஆர் அங்கை? தீத்தி வளத்தவள், வேறை ஆர்?

அதுவும் எந்த நேரத்திலை குறைக்கினம் தெரியுமே? ரஞ்சினிக்கு, என்ரை மகளுக்கு, சம்மந்தம் பேசிவாற நேரத்திலை! மெல்பேணிலை வரதராஜா எண்டு, நல்ல ஆக்கள், பெடியன் எஞ்சினியர். குறிப்புப் பொருந்தியிட்டுது. அவை வீட்டுக்கு வந்து பாக்கப்போயினம். வந்த இடத்திலை இவன் ரேடியோவைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள்ளை வைச்சால்? நீ ஒரு தாயா இருந்தால் என்ன செய்வாய் பிள்ளை?

நான் ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை. டொக்டர் குறைச்ச பாதியை நான் திருப்பிப் போட்டன். அவ்வளவுதான். முந்தித் தந்த குளிசை அலுமாரியிலை கிடந்தது. கிளாஸின்ரை அடியாலை நசிச்சு, இரவுச் சொதியிலை. அவன்ரை கோப்பையிலை மட்டும்தான். தன்ரை பாதியை அவன் தன்ரை கையாலை தண்ணியோடை எடுப்பான், மற்றப் பாதி சொதியோடை போகும். டொக்டருக்கும் சந்தோசம், அவனுக்கும் சந்தோசம், எனக்கும் நிம்மதி. ஆருக்கு என்ன நட்டம்?

ஏன் பிள்ளை, சாப்பிடன். சம்பல் உறைப்போ?

வரதராஜா ஆக்கள் வந்த அண்டைக்கு... சரி, உனக்கு ஏன் மறைப்பான்... அண்டைக்கு எப்பன் கூடப் போட்டனான். ஒரு நாளைக்குத்தானே, விசேசத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறமெல்லே, அப்பிடி. அவை வந்து இருக்கினம், நான் வடையும் கேசரியும் கொண்டந்து வைக்கிறன், யோகன் முன் அறைக் கதிரையிலை இருந்தபடியே நித்திரை. வாய் திறந்து கிடக்கு. வீணி வடிஞ்சு புதுச் சேட்டிலை! ரஞ்சினி போய்த் தட்டி எழுப்பினால், எழும்பி, கை நடுங்க நடுங்க வடையை எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளை போடுறான். வரதராஜாவின்ரை மனுசி மெல்லமா என்னைக் கேட்டா, "தம்பி... குடிப்பாரோ?" எண்டு.

எனக்கு ஒரு செக்கன்தான் கிடைச்சது பிள்ளை. சுகமில்லை எண்டு சொல்லுறதோ, குடிக்கிறவன் எண்டு சொல்லுறதோ? குடி எண்டால் எல்லா வீட்டிலையும் ஒருத்தன் இருக்கிறான். "ஓம், எப்பன் குடிப்பார்" எண்டன். வாயிலை சாராயம் வைச்சறியாத பெடியன்!

மெல்பேணுக்குப் போய் அவை ஃபோன் எடுத்தினம். "குடிகாரர் இருக்கிற இடத்திலை வேண்டாம்" எண்டினம். அதோடை முடிஞ்சுது. இதிலை பகிடி என்னெண்டால், பேந்துதான் தெரியும், வரதராஜாவின்ரை சொந்தத் தமக்கைக்கும் யோகன்ரை அதே வருத்தம்தானாம்! கன வருசமா அவையோடைதானாம் இருக்கிறா. உண்மையைச் சொல்லியிருந்தால் எங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதிருப்பினமாம். ஆருக்குத் தெரியும்? அவையாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமெல்லே! எங்கட சனம் இப்பிடித்தான், எல்லாத்தையும் மூடி மறைக்கிறது. எனக்கு அந்தப் பழக்கம் துண்டாப் பிடிக்காது.

ரஞ்சினி இப்ப மெல்பேணிலைதான். பொயிண்ட் குக் எண்ட இடத்திலை, தானாப் பாத்த பெடியனோடை. அது வேறை கதை.

"சம்மந்தம் போனாப் பிறகு குளிசையை நிப்பாட்டியிருக்கலாமே அன்ரி" எண்டு கேப்பாய். எல்லாம் முடிஞ்சாப் பிறகு இவரும் அதைத்தான் கேட்டார். நிப்பாட்ட ஏலுமே? அண்டைக்குக் கூடப் போட்ட அளவையே பிறகும் போட்டுக்கொண்டு வந்தன். அப்பதான் அவன் ஒரு மாதிரி ஆகத் தொடங்கினான். காலமை எழும்ப ஏலாது. நாக்குத் தடிச்சுப்போய்க் கதைக்கிறான். வேலையிலை ஃபோக்லிஃப்டிலை இருந்தபடி நித்திரையாகி, கொண்டுபோய் றாக்கிலை அடிச்சுப் பெட்டியெல்லாம் சரிஞ்சு... ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, முருகன் காப்பாத்தினான். வேலை போச்சு. விசிலும் போச்சு. பின்னை என்ன, வருத்தம் திரும்பி வந்திட்டுது எண்டுதானே நான் நினைப்பன்? வருத்தம் கூடினால் மருந்தைக் குறைக்கிறதோ, கூட்டுறதோ?

பேந்து ஒருநாள் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு என்னைப் பாத்தான். "அக்கா, இதுக்குள்ளை ஏதோ கிடக்கு" எண்டான். "என்ன கிடக்கு? வெந்தயம் கிடக்கு, வெங்காயம் கிடக்கு" எண்டன். அண்டையிலை இருந்து அவன் நான் சமைச்சதைத் தொடுறதில்லை. என்ன சாப்பிட்டான் தெரியுமே? அவிச்ச முட்டை, அதுவும் கோதோடை தானே அவிச்சு, தானே உடைச்சு. வாழைப்பழம். தோடம்பழம். தோலும் கோதும் இருக்கிற சாமான் மட்டும்! இந்த அடுப்படியிலை எனக்குப் பக்கத்திலை நிண்டு, தன்ரை முட்டைச் சட்டியைக் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிப்பான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும் பிள்ளை? பெத்தவளுக்குச் சமமானவள்... நஞ்சு வைக்கிறவளைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறான். நான் இரவிலை தலகாணியைக் கடிச்சுக்கொண்டு அழுதனான், மெய்யா.

டொக்டரிட்டைச் சொன்னான், "அக்கா சாப்பாட்டிலை என்னமோ போடுறா" எண்டு. டொக்டர் என்னைப் பாத்தார். நான் டொக்டரைப் பாத்தன். "பாவம்" எண்டு தலையை ஆட்டினன். அவரும் தலையை ஆட்டினார். குளிசையைத் திருப்பி முழுசாக்கினார். அப்பவே விளங்கேல்லையோ, நான் போட்ட அளவுதான் சரியெண்டு!

கடைசியிலை அறைக்குள்ளை போய்ப் பூட்டிக்கொண்டான். நீ பாத்த அதே அறைதான். ஒரு முழு நாள் கதவைத் திறக்கேல்லை. தண்ணியும் குடிக்கேல்லை, பைப்புக்கும் நான் ஏதும் செய்துபோட்டன் எண்டு நினைச்சானோ தெரியாது. பயந்துபோய் நான்தான் ஃபோன் அடிச்சனான். ஆஸ்பத்திரியாலை ரெண்டு பேர் வந்து, நல்ல மாதிரிக் கதைச்சுத்தான் கூட்டிக்கொண்டு போச்சினம். போகேக்கை திரும்பிப் பாத்து "அக்கா, நான் பொய் சொல்லேல்லை" எண்டான். அதுதான் அவன் சொன்னது.

இனித்தான் பிள்ளை சட்டம் வருகுது.

இந்த நாட்டிலை ஒருத்தனை அவன்ரை விருப்பமில்லாமல் ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கிறதெண்டால், டொக்டர் சொன்னால் மட்டும் காணாதாம். மஜிஸ்திரேட் வரவேணுமாம்! மஜிஸ்திரேட்டின்ரை கோட்டுக்கு இவன் போகத் தேவையில்லை, கோடு இவனிட்டை வரும். உனக்குத் தெரியுமே? ஊரிலை சுகமில்லாத ஒருத்தனை வீட்டு வளை மரத்திலை கட்டி வைச்சால் அயலட்டை ஒரு சொல் கேக்காது. இஞ்சை ஆஸ்பத்திரிக்கை ஒரு அறை, ஒரு மேசை, மூக்குத் துடைக்கிற ரிசுப் பெட்டி, தண்ணிச் சாடி. அதுதான் கோடு. நான் கோடெண்டு நினைச்சுக் காஞ்சிபுரம் உடுத்து, அட்டியலும் போட்டுக்கொண்டு போனன். எங்கட குடும்பம் எப்பிடிப்பட்ட குடும்பமெண்டு அவைக்குத் தெரியவேணுமெல்லே. மஜிஸ்திரேட் அம்மா சாதாரணச் சட்டையோடை வந்து இருந்தா. எனக்கு வெக்கமாப்போச்சு, அவவை நினைச்சு.

யோகனுக்கு அரசாங்கமே ஒரு லோயரைப் பிடிச்சுக் குடுத்தது. சின்னப் பெட்டை, மூக்கிலை மூக்குத்தி, முதுகிலை பை. நான் போய், "பிள்ளை, நான் அவரின்ரை அக்கா, நடந்ததை எல்லாம் உமக்குச் சொல்லுறன்" எண்டன். "மன்னியுங்கோ, நான் அவருக்காக மட்டும்தான் கதைக்க ஏலும்" எண்டாள். வீட்டிலை பொரிச்சுக் கொண்டுபோன கட்லட்டை நீட்டினன். அதையும் எடுக்கேல்லை. கட்லட்டிலை என்ன பிள்ளை கிடக்கு? லோயருக்கும் யோகன்ரை வருத்தம் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சன்.

பேந்து மொழிபெயர்க்க ஒரு ஆள். மார்கரெட். மலேசியாத் தமிழ். நல்ல மரியாதையான பிள்ளை. எனக்கு இங்கிலிஸ் தெரியும், ஆனா கோடெண்டால் தமிழிலை கதைச்சால்தான் வாய்க்கு ருசி. எங்கட மொழிக்காரி இருக்கிறா, எப்பன் முன்னைபின்னை இருந்தாலும் ஒழுங்காக்கிச் சொல்லுவா எண்டு நம்பினன். அதிலைதான் பிழைச்சது.

முதலிலை டொக்டர் எழும்பினார். யோகனைப் பற்றிச் சொல்லுறார்: "குடும்பத்தில் ஒருவர் தன் சாப்பாட்டில் மருந்து கலப்பதாக நம்புகிறார். கோதும் தோலும் உள்ளதை மட்டும் சாப்பிடுகிறார். எவ்வளவு விளக்கியும் இந்த எண்ணம் மாறவில்லை. வருத்தத்தின் முக்கியமான அறிகுறி இதுதான். இன்னும் மூன்று மாதம் இங்கே இருக்க வேண்டும்." அப்பிடியே கடகடவெண்டு. யோகன் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறான். மெலிஞ்சு கொக்காப் போனான் பிள்ளை. மஜிஸ்திரேட் அம்மா டொக்டரை விட்டிட்டு அவனைத்தான் முதல் கேட்டா, "மிஸ்டர் யோகேஸ்வரன், உங்களுக்கு என்ன விருப்பம்?" எண்டு. விருப்பமாம்! சுகமில்லாதவனிட்டை விருப்பம் கேக்கிற நாடு!

அவன் எழும்பி நிண்டு சொன்னான், "அக்காவின்ரை சாப்பாடு எனக்கு நல்ல விருப்பம். ஆனா அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு தெரிஞ்சு சாப்பிட விருப்பம்" எண்டு.

டொக்டர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், பாத்தீங்களோ எண்டமாதிரி.

பேந்து மஜிஸ்திரேட் அம்மா என்னைப் பாத்தா. ஒரு மாதிரி மதிப்பாத்தான் பாத்தா, அட்டியல் வேலை செய்துது. "இவர் வீட்டை வந்தால் ஒழுங்கா மருந்து எடுப்பார் எண்டதுக்கு நீங்கள் பொறுப்போ?" எண்டு கேட்டா. எனக்கு நெஞ்சு நிமிந்துது பிள்ளை. அப்பாடா, கடைசியிலை ஒரு ஆள் என்னட்டைக் கேட்டிட்டுது! மூண்டு மாசம் அவன் அங்கை கிடக்கக்கூடாது, நான் எப்பிடியும் வீட்டை கூட்டிக்கொண்டு போயிடவேணும், அதுதான் எனக்கு மனசிலை. நான் சொன்னன், "அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் இருக்குமட்டும் அவனுக்குக் குளிசை ஒரு நாளும் தவறாது. அவன் எடுத்தாலென்ன விட்டாலென்ன, நான் சொதிக்குள்ளை போட்டுக் குடுத்திடுவன். இவ்வளவு நாளும் அப்பிடித்தான் குடுத்தனான்" எண்டு.

மார்கரெட் என்னைப் பாத்தா. எங்கட ஆளெல்லே, கடைசி வசனத்தை விட்டிடுவா எண்டு நினைச்சன். ஒரு சொல் விடேல்லை! சொதியையும் விடேல்லை! சொதி எண்டால் தேங்காய்ப்பாலிலை வைக்கிற குழம்பெண்டு விளக்கம் வேறை! பேந்து வெளியிலை வைச்சுக் கேட்டன், "ஏனம்மா, எப்பன் மாத்திச் சொல்லக்கூடாதே?" எண்டு. "நீங்க சொன்னதத்தான்மா சொல்ல முடியும். என் வேலை அதுதான்" எண்டா. நல்ல வேலை!

அந்த அறையிலை பிள்ளை, டொக்டர் தன்ரை பேனாவைப் பாக்கிறார். அந்த மூக்குத்திப் பெட்டை மெல்லமா எழும்பி, "டொக்டர், இப்பவும் அது வருத்தத்தின்ரை அறிகுறியோ?" எண்டு கேக்கிறாள். டொக்டரின்ரை காது சிவந்து போச்சு.

யோகன் என்னைத் திரும்பிப் பாத்தான். நான் நினைச்சன், ஏசப்போறான் எண்டு. கண்ணெல்லாம் தண்ணி. "தாங்ஸ் அக்கா" எண்டான்.

தாங்ஸ்! வளத்ததுக்குச் சொல்லேல்லை, சமைச்சதுக்குச் சொல்லேல்லை, அதுக்குச் சொன்னான். என்ன மாதிரித் தாங்ஸ் அது எண்டு நானும் இண்டைவரைக்கும் யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடேல்லை.

மஜிஸ்திரேட் அம்மா என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நானும் ரெண்டு குடுத்திருப்பன். ஆறுதலாச் சொன்னா, "உங்களுக்குத் தம்பியிலை அன்பிருக்கு, தெரியுது. ஆனால் தன்ரை வாய்க்குள்ளை என்ன போகுதெண்டு தெரிஞ்சுகொள்ளுற உரிமை அவருக்கு இருக்கு. சுகமில்லையெண்டதாலை அது இல்லாமல் போகாது" எண்டு. வீட்டை வந்து இவருக்கு நியாயம் சொன்னால் இவர், என்ரை மனுசன், என்ன சொல்லுறார்? "தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேறையப்பா. இதைச் சொல்ல வெள்ளைக்காரி வேணுமே?" எண்டார். அண்டையிலை இருந்து தேத்தண்ணி குடுத்தால், "இண்டைக்கு எனக்கு என்ன குளிசை?" எண்டு கேட்டிட்டுத்தான் வாங்குறார். பகிடியாம். ரஞ்சினியிட்டை ஃபோனிலை அழுதால் அவள், "மம், யூ காண்ட் டூ தாட், இட்ஸ் இல்லீகல்" எண்டுறாள். என்ரை குசினி இல்லீகலாம்!

அடுத்த கிழமை அவனை விட்டிட்டினம். குளிசையைத் திருப்பிப் பாதியாக்கினம். தன்ரை கையாலை தான் எடுப்பன் எண்டு சொன்னான், எடுக்கிறானாம். ஃபோக்லிஃப்ட் வேலையும் திரும்பக் கிடைச்சிட்டுது. எல்லாம் சரி. எங்கை போகப்போறீர் எண்டு கேட்டிச்சினம். நான் கார் திறப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். "பரமட்டாவிலை ஆஸ்பத்திரியாலை பாத்துத் தந்த அறை" எண்டான். நிலத்தைப் பாத்துக்கொண்டு.

இப்ப ஞாயிற்றுக்கிழமையிலை வருவான். இண்டைக்கு ஞாயிறெல்லே, வாற நேரம்தான். வந்து, அந்தப் பின்வளவுப் பலகை வாங்கிலை இருந்து, தான் கொண்டந்த பார்சலை அவிழ்ப்பான். வாழைப்பழம், கடைப்பாண். நான் சொதி வைச்சு முன்னாலை கொண்டுபோய் வைப்பன். கோப்பையைக் கிட்டக் கொண்டுவந்து மணந்து பாப்பான். கண்ணை மூடிக்கொண்டு மணப்பான் பிள்ளை, அவ்வளவு ஆசை. பேந்து மெல்லமாத் திருப்பி வைச்சிடுவான். "நல்ல வாசம் அக்கா" எண்டுவான். நான் அதை உள்ளை கொண்டந்து சிங்கிலை ஊத்துவன்.

இப்ப நான் ஒண்டும் போடுறேல்லை. சத்தியமாப் போடுறேல்லை. ஆரும் நம்பவேணுமே!

நீயும் ஏன் பிள்ளை சொதியைத் தொடேல்லை? இடியப்பத்தை வெறும் சம்பலோடை தின்னுறாய்? அட, அதையும் வைச்சிட்டாய்... தேத்தண்ணி மட்டும் குடிச்சு முடிச்சிருக்கிறாய், நல்லது. தலையிடி எப்பிடி? குறைஞ்சிருக்குமே? பாத்தியோ! நான் சொன்னனானெல்லே. இஞ்சியும் சீனியும் தூக்கலாப் போட்டால் கைப்பே தெரியாது. ரெண்டு பனடோல் குளிசைதான், நல்லாக் கரைச்சுப்போட்டுத்தான் விட்டனான், வயித்தை ஒண்டும்...

எங்கை பிள்ளை எழும்புறாய்? வேலையோ? ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? உனக்கு நோகுதெண்டெல்லே போட்டனான்! நீ வேண்டாமெண்டால் நான் பாத்துக்கொண்டு இருக்கிறதே? பொறு, கைப்பையை விட்டிட்டுப் போறாய்... அறை பிடிச்சிருக்கோ இல்லையோ எண்டு ஒரு சொல்... பிள்ளை! முன்கதவு இறுக்கம், இழுத்துத்தான் திறக்கவேணும்...

போயிட்டுது. ஒரு "போட்டு வாறன்" கூட இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளையள்... நல்லதுக்குக் காலமில்லை.

ஆர் படலை வாசலிலை? யோகனோ? அவன்தான். இந்த யன்னலாலை வடிவாத் தெரியுது. அவளை மறிச்சு என்னவோ கேக்கிறான். அவள் என்ரை வீட்டுப் பக்கம் கையைக் காட்டுறாள், வயித்தைக் காட்டுறாள்... அவன் சிரிக்கிறான். கடவுளே, விழுந்து விழுந்து சிரிக்கிறான், எத்தினை வருசத்துக்குப் பிறகு! தன்ரை பைக்குள்ளை கையை விட்டு... வாழைப்பழம் குடுக்கிறான் அவளுக்கு! வாங்குறாள் பார். தோலை உரிச்சுத் தின்னுறாள் பார். இவ்வளவு நேரமும் என்ரை இடியப்பம் இறங்கேல்லை!

யோகன்! உதிலை நிண்டு என்னத்தைக் கதைக்கிறாய்? உள்ளுக்கு வா! சொதி இல்லை இண்டைக்கு, அது வந்த பிள்ளைக்கு வைச்சது, உனக்கில்லை. உனக்கு முட்டை அவிச்சிருக்கிறன். கேக்குதே? முட்டை! நீயே வந்து சட்டியிலை இருந்து எடு. நான் தொடேல்லை... கோது உடையேல்லை, வந்து பாரடா, ஒண்டிலையும் கோது உடையேல்லை!